இறங்கும் இடத்தை நடந்து பார்ப்பவன்

“ஹெலிகாப்டர்தானே சார், எங்க வேணா இறங்குமே!” என்று சொல்லாத விழாக் கமிட்டித் தலைவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர், கட்சியின் ஒன்றியச் செயலாளர், கல்லூரித் தாளாளர் எல்லோருக்கும் இதுதான் முதல் வசனம். அதில் பாதி உண்மை. ஓடுபாதை இல்லாமல் இறங்குவதற்காகத்தான் அந்த மெஷினையே கண்டுபிடித்தார்கள். ஆனால் ஓடுபாதை என்றால் வெறும் தார் மட்டும் அல்ல. சுற்றுச்சுவர், காற்றின் திசை காட்டும் துணிக்குழாய், வானிலை சொல்ல ஒருவர், தீயணைப்பு வண்டி, கட்டுப்பாட்டுக் கோபுரம் எல்லாம் அதோடு சேர்ந்து வருபவை. இவற்றையெல்லாம் விட முக்கியமாக, “இப்ப வேண்டாம், திரும்பிப் போ” என்று சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் ஓர் ஆள் அங்கே இருக்கிறார். தனியார் இடத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. அரை நாள் விழாவுக்காக அத்தனையையும் நாம்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். கமிட்டிக்காரர்கள் வழக்கமாக வைப்பது சாமியானா பந்தலும், சுண்ணாம்பில் போட்ட ஓர் ‘எச்’ எழுத்தும்.

நான் விமானி இல்லை. விமானப் படையில் சேடக் ஹெலிகாப்டர்களின் இன்ஜின் பக்கம் கிடந்தவன். பிரெஞ்சுக்காரர்களின் அலுவெட் மெஷினை உரிமம் வாங்கிப் பெங்களூரு எச்.ஏ.எல். கட்டியதுதான் சேடக். அதன் ஆர்டூஸ்ட் இன்ஜின் கத்திய கத்தலில் என் காது பாதி அங்கேயே போய்விட்டது. ஓய்வுபெற்றுச் சமயபுரம் வந்து சேர்ந்த பிறகு, வாடகை ஹெலிகாப்டர்கள் இறங்க இடம் பார்த்துக் கொடுப்பதும், இறங்கும்போது தரையில் நின்று கைகாட்டுவதும் என் வேலையாகிவிட்டது. தேர்தல் வந்தால் ஓய்வில்லை. மற்ற நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலம், கோபுரத்துக்குப் பூத்தூவல் என்று ஏதாவது வரும். 2023 ஜனவரி 27 அன்று பழனி மலைக்கோயில் குடமுழுக்கில் ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவியதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாள் முதல், தெருமுனைப் பிள்ளையார் கோயில் கமிட்டிக்கும் அந்த ஆசை வந்துவிட்டது.

அரசாங்கம் இறக்கும் ஹெலிகாப்டர் வேறு கதை. 2024 ஜனவரி 20 அன்று பிரதமர் ஸ்ரீரங்கம் வந்தபோது கொள்ளிடக் கரையில் பஞ்சக்கரைப் பக்கம் இறங்குதளம் போட்டார்கள். பொதுப்பணித் துறை, காவல் துறை, தீயணைப்புத் துறை, ஒத்திகை இறக்கம் என்று ஒரு மாவட்டமே அதன் பின்னால் நின்றது. நான் பேசுவது அப்படி யாரும் நிற்காத இடங்களைப் பற்றி.

2024 மே 3. மகாராஷ்டிரத்தில் ராய்கட் மாவட்டம், மகாட் என்ற ஊர். நாடாளுமன்றத் தேர்தல் நேரம். உத்தவ் தாக்கரே சிவசேனாவின் சுஷ்மா அந்தாரேயை ஏற்றிக்கொள்ள ஒரு சிறிய ஹெலிகாப்டர் வருகிறது. தற்காலிகமாகப் போட்ட இடம். அவர் தரையில் காத்திருக்கிறார். இறங்க வந்த மெஷின் தூசிக்குள் ஆடி, நிலைதவறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. விமானி உயிர் தப்பினார். யாரோ செல்போனில் எடுத்த அந்தக் காட்சியை நாடே பார்த்தது. நானும் பார்த்தேன், திரும்பத் திரும்ப. ஏன் விழுந்தது என்று சொல்வது விசாரணை அதிகாரிகளின் வேலை. என் கண் மெஷினைவிட அதைச் சுற்றிக் கிளம்பிய தூசியில்தான் நின்றது.

தூசி ஏன் அத்தனை கிளம்புகிறது? ஆயிரத்து நூறு கிலோ எடையுள்ள ராபின்சன் ஆர்-44 அந்தரத்தில் நிற்க வேண்டுமானால், அந்த எடைக்கு ஈடான விசையோடு காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் கீழே வரும் காற்றின் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொடும். அதைவிடக் கனமான எச்125 ரகத்துக்கு 70-ஐத் தாண்டும். காய்ந்த செம்மண் தரையில் அந்தக் காற்று அடித்தால், கடைசிப் பத்தடி உயரத்தில் விமானிக்குத் தரை மறைந்துவிடும். தரை மறைந்தால், தான் நேராக இறங்குகிறோமா, பக்கவாட்டில் நகர்கிறோமா என்பது தெரியாது. ஹெலிகாப்டர் இறங்கும்போது பக்கவாட்டில் நகர்வதைப்போல ஆபத்து வேறில்லை.

அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சிறிய ஹெலிகாப்டர்கள் பலவற்றுக்குச் சக்கரம் கிடையாது. ஸ்கிட் என்னும் இரண்டு நீளக் குழாய்க் கால்கள்தான். மெஷின் நகர்ந்துகொண்டே இறங்கும்போது ஒரு ஸ்கிட் மட்டும் ஏதோ ஒன்றில் தட்டி மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். அந்த நிமிடம் வரை மெஷின் தன் நடுமையத்தைச் சுற்றித்தான் சாய்ந்தது, விமானியின் கைக்கு அடங்கியது. ஸ்கிட் மாட்டியதும் சுழலும் அச்சு அந்தக் காலுக்கு மாறிவிடுகிறது. மேலே சுற்றும் இறக்கை, அதாவது சுழலி, இன்னும் முழுபலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் இப்போது நேர்மேலே அல்ல, சாய்வாக. சாய்வு கூடக்கூட இழுப்பும் அதே பக்கம் கூடும். சுமார் பதினைந்து டிகிரியைத் தாண்டிவிட்டால், விமானி கட்டுப்பாட்டுக் குச்சியை எதிர்ப்பக்கம் முழுக்கத் தள்ளினாலும் நிமிராது. தப்பிக்க ஒரே வழி, சாயத் தொடங்கிய கணத்திலேயே கலெக்டிவ் கைப்பிடியை இறக்கிச் சுழலியின் தூக்குவிசையைக் குறைப்பது. ஆனால் மனிதனின் கை பயந்தால் என்ன செய்யும்? மேலே இழுக்கும். தப்பி மேலே போய்விடலாம் என்று நினைத்து இழுக்கிற அந்த இழுப்புதான் மெஷினைப் புரட்டிப் போடுகிறது. ஒன்றிரண்டு வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

எதில் மாட்டும் என்பதுதான் என் அக்கறை. சமயபுரம் நால்ரோட்டிலிருந்து இருங்களூர் வரை, நெடுஞ்சாலையின் இரு புறமும் பிளாட் போட்ட நிலங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கிரிக்கெட் ஆடலாம் போலத் தெரியும். காலால் நடந்து பார்த்தால்தான் புல்லுக்குள் முழங்கால் உயரத்துக்குக்கூட வராத எல்லைக்கற்கள் தட்டுப்படும். மஞ்சளும் வெள்ளையும் அடித்த அந்தக் கல் ஒன்று போதும். அறுவடை முடிந்த வயல் என்றால் வரப்பு, இறுகிப்போன டிராக்டர் தடம், பாதி புதைந்த சொட்டுநீர்க் குழாய். இதனால்தான் நான் இடத்தை போட்டோவில் பார்த்துச் சரி சொல்வதில்லை, காரிலிருந்து எட்டிப் பார்த்தும் சொல்வதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். வேண்டுதல் பாதயாத்திரை என்று நினைத்து ஒருமுறை ஓர் அம்மா எனக்கு மோர் கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் விளக்கினேன்.

தூசிக்கு மருந்து தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டுக் கமிட்டிக்காரர் சாப்பிடப் போய்விடுவார். அங்கேயும் கணக்கு உண்டு. முந்தின நாள் மாலை ஒரு முறை மண் குடிக்குமளவு விட வேண்டும், காலையில் மெஷின் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் மேலாக ஒரு தெளிப்பு. வருகிற நேரத்தில் மொத்தமாகக் கொட்டினால் சேறு. சேற்றில் ஸ்கிட் புதைந்தால் ஏறும்போது ஒரு கால் விடுபட்டு இன்னொன்று ஒட்டிக்கொள்ளும், மறுபடியும் அதே புரளல். காங்கிரீட் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பவர்களுக்கு 2025 அக்டோபர் 22-ஐச் சொல்வேன். சபரிமலை செல்லும் வழியில் குடியரசுத் தலைவரின் ஹெலிகாப்டர் கேரளத்தின் பிரமாடத்தில் இறங்கியது. புதிதாகப் போட்ட காங்கிரீட் முழுமையாக இறுகவில்லை, சக்கரம் அழுந்திவிட்டது. போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் சேர்ந்து தள்ளினார்கள். விமானப் படையின் பெரிய மெஷினுக்கும், கடைசி நேரத்தில் போட்ட தரை கடைசி நேரத் தரைதான்.

வெயிலைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதே இல்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. திருச்சி விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 88 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை மாத மதியம் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டால் காற்று அத்தனை மெலிந்துவிடும். சுழலிக்கும் இன்ஜினுக்கும் அது ஏறக்குறைய 3,300 அடி உயரத்தில் பறப்பதற்குச் சமம். சமயபுரத்துச் சமவெளியில் நிற்கிற மெஷின், தான் கொல்லிமலை மேல் நிற்பதாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. நான்கு பேர், இரண்டு சூட்கேஸ், நிறைந்த எரிபொருள் என்று காலை ஏழு மணிக்கு எளிதாகத் தூக்கிய எடையை, பிற்பகல் இரண்டு மணிக்கு அதே மெஷின் தூக்கத் திணறும். சித்திரைத் தேரோட்ட நாளில் பூத்தூவல் கேட்டு வருகிறவர்கள் நல்ல நேரம் பார்த்து வருவார்கள். நான் வெயில் நேரம் பார்த்துச் சொல்வேன். இரண்டும் ஒத்துப்போகாதபோது சண்டை.

ஒரு பெரியவரின் தோப்பைச் சொல்கிறேன். சென்னை ரோட்டை ஒட்டி, கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் தென்னந்தோப்பு. நடுவில் பட்டுப்போன மரங்களை வெட்டி எடுத்த வெற்றிடம், முப்பது மீட்டர் அகலம் இருக்கும். பேத்தி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அங்கேதான் இறங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

“எவ்ளோ இடம் வேணும் தம்பி? இது பத்தாதா?”

“தரை பத்தும்ங்கய்யா. வானம் பத்தாது.”

அவர் சிரிக்கவில்லை. மகன் குறுக்கே வந்தார், யூடியூபில் மாடியிலேயே இறக்குகிறார்கள் என்று. மாடியைச் சுற்றித் தென்னை இல்லை என்பதுதான் வித்தியாசம். ஹெலிகாப்டர் நேர்க்குத்தாக இறங்கும் என்பது சினிமா. முடிந்தவரை அது சாய்வாகத்தான் வந்து இறங்க விரும்பும், சாய்வாகத்தான் ஏறிப் போக விரும்பும். ஒரு மீட்டர் உயரத் தடைக்கு எட்டு மீட்டர் திறந்த வழி என்பது நான் பிடித்துக்கொள்ளும் கணக்கு. இருபது மீட்டர் தென்னைக்கு நூற்றறுபது மீட்டர். தோப்புக்குள் அதற்கு எங்கே போவது?

அப்படியானால் மரத்துக்கு மேலே வந்து நின்று, மெதுவாக நேராக இறங்க வேண்டும். அங்கேதான் இரண்டு பூதங்கள் காத்திருக்கின்றன. ஒன்று, ஒற்றை இன்ஜின் மெஷினில் அந்த உயரத்தில், முன்னோக்கிய வேகம் இல்லாத நிலையில் இன்ஜின் நின்றுபோனால், சுழலியைக் காற்றிலேயே சுழலவிட்டுச் சமாளித்து இறங்கும் வித்தைக்கு உயரமும் இல்லை, வேகமும் இல்லை. ஒவ்வொரு மெஷினின் கையேட்டிலும் இந்த உயரம்-வேகம் படம் போட்டு, இந்தக் கட்டத்துக்குள் நிற்காதே என்று கோடிட்டிருப்பார்கள். தோப்பு நம்மை அந்தக் கட்டத்துக்குள்ளேயே நிறுத்துகிறது. இரண்டாவது, முன்வேகம் குறைந்து, நிமிடத்துக்கு முந்நூறு அடிக்கு மேல் வேகமாகக் கீழிறங்கினால், தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே சுழலி விழும். அந்தச் சுழலுக்குள் மாட்டியவன் இன்னும் சக்தி கொடுத்தால் இன்னும் வேகமாக விழுவான். வெளியேற முன்னாலோ பக்கவாட்டிலோ நகர வேண்டும். தோப்புக்குள் நகர்ந்தால் மரம்.

“ஆத்தா பாத்துக்குவா தம்பி,” என்றார் பெரியவர்.

“ஆத்தாவக் கும்பிட்டுட்டுத்தாங்கய்யா டேப்பையே எடுத்தேன்.”

அப்புறம்தான் பாலயோகியைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் பெயர் நினைவிருந்தது. மக்களவையின் சபாநாயகராக இருந்த ஜி.எம்.சி. பாலயோகி, 2002 மார்ச் 3 காலை ஆந்திரத்தின் பீமாவரத்திலிருந்து ஒரு தனியார் பெல் 206 ஹெலிகாப்டரில் கிளம்பினார். அவரும், பாதுகாவலரும், விமானியும் மட்டும். வழியில் பார்வை மங்கியது. கைகலூர் அருகே விமானி தாழ இறங்கினார். தரை என்று நினைத்து இறங்கிய இடம் மீன்குளம். தெரிந்து மேலே தூக்கியபோது கரையிலிருந்த தென்னையில் பட்டு மெஷின் குளத்தில் விழுந்தது என்று அப்போது செய்தி வந்தது. மூவரும் இறந்தார்கள். கொல்லேறு ஏரியை ஒட்டிய அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நம் காவிரிப் படுகையின் முகம்தான்: தண்ணீர், வரப்பு, தென்னை, மறுபடியும் தண்ணீர். நடவுக்கு முன் தண்ணீர் கட்டி நிற்கும் வயல் மேலிருந்து பார்த்தால் வானத்தைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. பெருவளை வாய்க்கால் திறந்துவிட்ட பருவத்தில் இந்தப் பக்கம் எந்த வயலிலும் நான் இடம் பார்ப்பதில்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் மரங்களையே பார்த்தார். பிறகு மாப்பிள்ளை அருகிலுள்ள ஒரு கல்லூரி மைதானத்தில் இறங்கி, அங்கிருந்து குதிரை வண்டியில் மண்டபத்துக்கு வந்தார். குதிரையைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம்.

தோப்பில் நான் வேண்டாம் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. மோட்டார் கொட்டகைக்குப் போகிற சர்வீஸ் ஒயர். கம்பத்திலிருந்து மரங்களினூடே போகும் அந்தக் கறுத்த கம்பியை மேலிருந்து பார்க்கவே முடியாது. கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு என்று படையில் இளம் விமானிகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவே எதுவும் தெரியாவிட்டாலும் கம்பி இருக்கிறது என்றே வைத்துக்கொள். நம் ஊரில் அதுவும் போதாது, கேபிள் டிவி ஒயரும் இன்டர்நெட் ஒயரும் தென்னையையே கம்பமாக்கிக்கொண்டு போகின்றன. 2017 மே 25 அன்று மகாராஷ்டிரத்தின் நிலங்காவில் முதல்வர் தேவேந்திர ஃபட்னாவிசை ஏற்றிக் கிளம்பிய ஹெலிகாப்டர், மேலே ஏற முடியாமல் மின்கம்பிகளில் சிக்கிக் குடியிருப்புப் பக்கம் விழுந்தது. ஆறு பேரும் பிழைத்தார்கள். மே மாதம், மகாராஷ்டிரத்தின் உள்நாட்டு வெயில், சுற்றிலும் கம்பி. அந்த வரிசையைப் பார்த்தாலே எனக்கு வேர்க்கும்.

காற்றைப் படிப்பது இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. ஆனியும் ஆடியும் இங்கே மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு எந்த அறிமுகமும் தேவையில்லை, அம்மியையே நகர்த்தும் என்று ஊரே சொல்கிறது. அதிகாலையில் அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். மெஷின் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். முதுகில் வாங்கினால் அது நினைத்ததைவிட வேகமாக வரும், நிறுத்த அதிகச் சக்தி கேட்கும், வால் திமிறும். ஆகவே நான் கேட்பது ஒரு வழி அல்ல, எதிரெதிரான இரண்டு வழிகள், காற்று மாறினால் மாற்றி வர. துணிக்குழாய் நட்டாலும் அது நட்ட இடத்துக் காற்றைத்தான் சொல்லும். மேலே என்ன நடக்கிறது என்று தெரிய நான் பார்ப்பது மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள். உமி எரிகிற புகை நேராக எழுந்து, ஓர் உயரத்தில் சட்டென்று மடங்கிக் கிழக்கே படுத்தால், தரையில் அமைதி, மேலே காற்று என்று பொருள். திருச்சிக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிக்கொண்டு வரும் கேப்டனிடம் விமான நிலையத்தின் காற்றளவு ஏற்கெனவே இருக்கும். காவிரியும் கொள்ளிடமும் தாண்டி இந்தப் பக்கத்துக் காற்றை நான்தான் சொல்ல வேண்டும்.

குப்பை. பெரிய வார்த்தை இல்லை, பெரிய விஷயம். 2023 மார்ச் 6 அன்று கர்நாடகத்தின் ஜேவர்கியில் எடியூரப்பாவின் ஹெலிகாப்டர் இறங்க வந்தபோது, மைதானத்தைச் சுற்றிக் கிடந்த பிளாஸ்டிக் தாள்களும் பைகளும் சுழலிக் காற்றில் கிளம்பி மெஷினை நோக்கி எழுந்தன. விமானி இறங்கவில்லை. மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டார். தரையைச் சுத்தம் செய்த பிறகு திரும்பி வந்து இறங்கினார். அடுத்த நாள் செய்திகளில் “மயிரிழையில் தப்பினார்” என்று போட்டார்கள். எனக்கு அது தப்பித்தலாகத் தெரியவில்லை. கீழே ஒரு முன்னாள் முதல்வருக்காகக் கூட்டம் காத்திருக்க, மேலே அவரையே வைத்துக்கொண்டு, இறங்கமாட்டேன் என்று முடிவெடுத்த அந்த விமானியின் கை எத்தனை தெளிவாக இருந்திருக்கிறது! விழுந்த ஹெலிகாப்டர்களின் படங்களைவிட அந்தப் படத்தைத்தான் நான் கமிட்டிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

பூத்தூவலில் குப்பையை நாமே மேலே ஏற்றுகிறோம். ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூமார்க்கெட்டில் வாங்குகிறவர்களிடம் உதிரிப்பூ மட்டும் என்று தலையில் அடித்துச் சொல்ல வேண்டும். நார் இருக்கக் கூடாது, நூல் இருக்கக் கூடாது, மாலை கூடவே கூடாது. பிளாஸ்டிக் பையில் ஏற்றினால், தூவி முடித்த பை கையிலிருந்து நழுவி நேராக வால்சுழலிக்குப் போகும். பின்னாலிருக்கும் அந்தச் சின்னச் சுழலி நின்றுபோனால் முழு மெஷினும் தன்னைத்தானே சுற்ற ஆரம்பிக்கும். துணிப்பை, அதுவும் இருக்கையோடு கட்டிய துணிப்பை. ஆத்தாவுக்கு மாலை போட ஆசைப்படுகிறவர்கள் கருவறையில் போடட்டும்.

அந்த வால்சுழலி தரையில் இருப்பவர்களுக்கும் எமன். ஆள் உயரத்தில், கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றும். 2023 ஏப்ரலில் கேதார்நாத் இறங்குதளத்தில் ஓர் அரசு அதிகாரி அதில் அடிபட்டு இறந்தார், ஹெலிகாப்டர் சேவையை மேற்பார்வையிடும் அமைப்பைச் சேர்ந்தவரே. தெரிந்தவருக்கே இந்தக் கதி என்றால், தலைவர் இறங்கியதும் சால்வையோடு ஓடி வருகிற தொண்டருக்கு என்ன தெரியும்? 2025 ஏப்ரல் 8 அன்று ஆந்திரத்தின் பாபிரெட்டிபள்ளியில் ஜெகன் மோகன் ரெட்டி வந்த ஹெலிகாப்டரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டதில் முன்கண்ணாடி விரிசல் விட்டது. மெஷின் நின்ற பிறகும் விபத்து முடிவதில்லை.

எங்கள் ஊர் சித்திரைத் தேரில் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பார்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு சிலர் கூடவே ஓடுவார்கள். கூட்டம் முழுவதும் போ போ என்று கத்தும்போது, நிறுத்த வேண்டிய இடத்தில் கட்டையைச் செருகுவது அவர்கள் வேலை. தேர் ஓடிய கதையில் அவர்கள் பெயர் வராது. நான் செய்வதும் அந்த முட்டுக்கட்டை வேலைதான், கட்டைக்குப் பதில் கையில் ஒரு சிவப்புக் கொடி. தனியார் இடத்தில் எல்லோருமே வடம் பிடித்தவர்கள். நில உரிமையாளருக்குக் கௌரவம், கமிட்டிக்குக் கூட்டம், வாடகைக் கம்பெனிக்குப் பணம், விமானிக்கோ கீழே நூறு கண்கள் பார்த்துக்கொண்டிருக்கிற கூச்சம். கட்டையைச் செருக ஒருவராவது வேண்டாமா? அப்படிச் செருகியதற்காக என்னைத் திரும்பக் கூப்பிடாதவர்கள் உண்டு. ஒரு கம்பெனி, பெயர் எதற்கு, நான் வேண்டாம் என்ற இடத்துக்கு வேறு ஆளைக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கியது. அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் அந்த இடம் நல்ல இடம் என்று ஆகிவிட்டது, இப்போது வருடாவருடம் அங்கேதான்.

வேண்டாம் என்று முடிவெடுப்பது விமானியின் கையில் இருக்கும்போது அது எத்தனை அழகாக நடக்கும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2023 ஜனவரி 25. ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர் பெங்களூருவிலிருந்து காங்கேயம் பக்கம் கோயில் விழாவுக்கு ஹெலிகாப்டரில் வருகிறார். சத்தியமங்கலம் மலையில் கடும் பனிமூட்டம். விமானி மேலே தொடராமல், கடம்பூர் மலையில் ஒரு சிற்றூரின் திறந்த வெளியில் இறக்கி நிறுத்திவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பனி விலகியது, கிளம்பிப் போனார்கள். யாரும் தயார் செய்யாத இடம்தான் அதுவும். ஆனால் அவசரத்துக்கு இறங்கிய இடமும் ஆசைக்கு இறங்கிய இடமும் ஒன்றல்ல. அங்கே வாசலில் வரவேற்பு வளைவு இல்லை, நேரம் தவறினால் கோபிக்க ஆளில்லை. வானிலை ஒன்றைத்தான் விமானி பார்க்க வேண்டியிருந்தது. 2024 அக்டோபர் 2 காலை புனே பாவதனில் ஒரு கோல்ஃப் மைதானத்துத் தனியார் தளத்திலிருந்து பனிமூட்டத்தில் கிளம்பிய ஹெலிகாப்டர் சில நிமிடங்களில் விழுந்து மூவர் இறந்தார்கள். அதைப் படித்தபோதெல்லாம் கடம்பூரில் தரையில் நின்ற அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இத்தனைக்கும் பிறகும் மெஷின் விழலாம். அதற்கும் தயாராக இருப்பது வேலையில் பாதி. ஆர்-44 ஓடுவது பெட்ரோலில், டர்பைன் மெஷின்கள் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில். பெட்ரோல் சட்டென்று பற்றும். பழைய ஆர்-44-களில் அலுமினியத் தொட்டி. தப்பிக்கக்கூடிய சின்ன விழுகையில்கூடத் தொட்டி கிழிந்து தீப்பிடித்துப் பலர் இறந்த பிறகு, வளையும் உட்பை கொண்ட தொட்டிக்கு மாற்றும்படி ராபின்சன் கம்பெனி சொன்னது, ஆஸ்திரேலியா 2013-இல் அதைக் கட்டாயமாக்கியது. எந்த மெஷின் வருகிறது என்று தெரிந்ததும் அதில் எந்தத் தொட்டி என்று கேட்டுக்கொள்வேன். கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் எரிச்சலாகத்தான் பதில் சொல்வார்கள்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து வருகிறவர்கள் வீட்டுத் தீயும் வைக்கோற்போர்த் தீயும் பார்த்துப் பழகியவர்கள், வேகமாக ஓடத் தெரிந்தவர்கள். இங்கே முதல் பாடம் ஓடாமலிருப்பது. சாய்ந்து கிடக்கும் மெஷினின் சுழலித் துண்டுகள் சிதறி முடியும் வரை பூமியோடு படுத்திருக்க வேண்டும், சுழற்சி நின்ற பிறகு முன்பக்கமாக, விமானியின் கண்ணில் படும்படி நெருங்க வேண்டும். நுரை வண்டி காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும். பேட்டரியை எங்கே துண்டிப்பது, எரிபொருளை அடைக்கும் கைப்பிடி எந்த நிறம், எந்த இடம் என்பதை அந்த மெஷினின் படத்திலேயே காட்டுவேன். தலைகீழாகத் தொங்குகிறவரின் பெல்ட்டைத் தோளைத் தாங்காமல் கழற்றினால் கழுத்து போய்விடும். இதற்காகவே பழைய ஹெலிகாப்டர் சீட் பெல்ட் ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். அதை நாற்காலியில் மாட்டி, ஒருவரை உட்காரவைத்து, மற்றவர்களைக் கழற்றச் சொல்வேன். சிரித்துக்கொண்டே செய்வார்கள், இரண்டாம் முறை சிரிப்பு நின்றிருக்கும். வந்த அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிக் காட்டிய பிறகுதான் கேப்டனுக்குப் போன் போட்டு இடம் தயார் என்று சொல்வேன்.